ஹோமை விட்டு வெளியே வரும் பெண்களுக்கு என் வீட்டு மாடியில் இடம் கொடுக்கலாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் ஊரிலிருந்து 58 வயது அம்மா ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவர் ஜீப் வைத்திருந்தவர். விடியற்காலையில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டி வருவார். சொந்தச் சம்பாத்தியத்தில் மாடி வீடு கட்டினார். ஆறு வருடங்களுக்கு முன்பு இறந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. கூடவே இருந்த மாமியாரும் இரண்டு வருடங்களுக்கு முன்பு காலமானார். ஒரே மகன் வளைகுடாவில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மாடி காலியாகக் கிடக்கிறது.

கணவரின் ஜீப்பில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் இறந்தபோது, அவருடைய ஒன்பது வயது மகளை இடுக்கி மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது 18 வயது முடிந்துவிட்டது. பிளஸ் டூ பாஸ். இந்த மாதத்தோடு இல்லத்தை விட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். அவளுடைய தோழி ஒருத்தி, வண்டிப்பெரியாறு பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தவள், 19 வயது. போன வருடமே வெளியே வந்து, ஒரு மில் ஹாஸ்டலில் இருந்து, அது ஒத்துவராமல் திரும்பி, இப்போது குமுளியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். படுக்க நிலையான இடம் இல்லை.

இரண்டு பேரையும் மாடியில் தங்க வைத்துக்கொள்ள இந்த அம்மாவுக்கு ஆசை. ஆனால் கொழுந்தனார், “12 வருடம் இருந்தால் வீடு அவர்களுக்குப் போய்விடும்” என்கிறார். தெருவில் ஒருவர், “வயசுப் பிள்ளைகளை வைத்திருந்தால் போலீஸ் கேஸ்” என்கிறார். முதல் பெண்ணின் தாய்மாமன் இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவர், இப்போது வந்து “முறைப் பெண், என் மகனுக்குக் கட்டி வைக்கிறேன், அனுப்பு” என்கிறாராம். தத்து எடுக்கலாமா, அரசாங்கத்தில் பதிய வேண்டுமா, பணம் வருமா, சொத்து கேட்க மாட்டோம், 25 வயது வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று பாண்டு பேப்பரில் எழுதி வாங்கலாமா என்பவை கேள்விகள்.

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தத்து, ஃபாஸ்டர் (தற்காலிக வளர்ப்பு), கார்டியன் என்று நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே 18 வயது முடியாத குழந்தைகளுக்கானவை. இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் பொதுவாக 15 வயது முடிந்தவரைத் தத்து எடுக்க முடியாது; வழக்காறு இருந்தால்தான் விதிவிலக்கு. 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் ஃபாஸ்டர் ஏற்பாடும் சிறுவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் கூப்பிட்டு வரப்போவது சட்டப்படி முழு வயது வந்த இரண்டு பேரை. அவர்கள் உங்கள் பொறுப்பில் விடப்படுகிறவர்கள் இல்லை. உங்கள் வீட்டில் தங்க அவர்களாக முடிவு செய்கிறவர்கள். கடிதத்தில் உள்ள பாதிக் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பாதியில்தான் நீங்கள் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது.

வீடு யாருடையது?

“வீடு என்னுடையது, கொழுந்தனாருக்கு இதில் பேச என்ன இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்தபோது, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து மனைவி, மகன், தாய் ஆகிய மூவருக்கும் சமமாகப் போயிருக்கிறது. அதாவது உங்களுக்கு மூன்றில் ஒன்று, மகனுக்கு மூன்றில் ஒன்று, அன்றைக்கு உயிரோடு இருந்த மாமியாருக்கு மூன்றில் ஒன்று. மாமியாரும் எதுவும் எழுதி வைக்காமல் போயிருந்தால், அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். இறந்துபோன மகனின் இடத்தில் பேரன் வருவார். மருமகளுக்கு அதில் பங்கு இல்லை. உங்கள் கணவரும் கொழுந்தனாரும் மட்டுமே பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்குப்படி கொழுந்தனாருக்கு ஆறில் ஒன்று. உங்கள் மகனுக்கு அந்த ஆறில் ஒன்றையும் சேர்த்துப் பாதி. உங்களுக்கு மூன்றில் ஒன்று.

ஆக, கொழுந்தனார் சொல்லும் காரணம் தவறு. ஆனால் அவருக்கு இந்த வீட்டில் பேச இடம் இருக்கிறது. இது அவருக்கே தெரியுமா என்று தெரியவில்லை. வீட்டு வரி உங்கள் பெயரில் வருகிறது என்பது இதை மாற்றாது.

பயப்பட வேண்டியதில்லை. கூட்டு உரிமையாளராக அந்த வீட்டில் குடியிருக்கவும் விருந்தாளியை வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மனக்கசப்பு முற்றினால் அவர் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், அந்த இழுபறியில் அலைக்கழியப் போவது இந்தப் பெண்கள்தான். அதனால் மகனிடம் விவரமாகப் பேசிச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பெரிய பங்கு அவருடையது. கொழுந்தனாரிடமும் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள். அவர் மனம் வைத்தால் தன் பங்கை விடுதலைப் பத்திரமாகப் பதிந்து கொடுக்கலாம். இல்லையென்றால் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதமாவது போதும். அதற்கு முன்பு கணவருக்கும் மாமியாருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் ஏதாவது பத்திரம் எழுதியிருக்கிறாரா என்று வில்லங்கமும் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த 12 வருடக் கதை. ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற சட்டம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. எதிர் அனுபவ உரிமை என்பது, உரிமையாளருக்கு எதிராக, “இது என்னுடையது” என்று வெளிப்படையாக 12 வருடம் அனுபவித்தவருக்கு வருவது. நீங்கள் அனுமதி கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு எத்தனை வருடம் ஆனாலும் அது வராது. 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் இப்படித் தங்குவதற்கு அனுமதி உரிமம் என்று பெயர். நீங்கள் கொடுத்ததை நீங்களே திரும்பப் பெறலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தங்குகிறவர் அனுமதியை நம்பிச் சொந்தப் பணத்தில் நிரந்தரமாக எதையாவது கட்டிவிட்டால் அந்த அனுமதியை ரத்து செய்ய முடியாமல் போகலாம். நாளைக்கு அவர்கள் சம்பாதித்து, “மாடிக்கு ஷீட் போட்டுத் தருகிறோம் அம்மா” என்றால், அன்போடு மறுத்துவிட்டு நீங்களே போடுங்கள்.

போலீஸும் தாய்மாமனும்

18 வயது முடிந்த பெண் தன் விருப்பத்தோடு உங்கள் வீட்டில் இருப்பது குற்றம் இல்லை. காப்பாளரிடமிருந்து கடத்தியதாக வழக்குப் போடுவதற்கு அவள் குழந்தையாக இருக்க வேண்டும். அதனால் நீங்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழிலும் இல்லத்தின் பதிவேட்டிலும் ஆதாரிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பல சமயம் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் பள்ளிச் சான்றிதழ் அல்லது தேர்வு வாரியச் சான்றிதழைத்தான் முதலில் பார்க்கும். அது இல்லாதபோது பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. ஒரு மாதம் குறைவாக இருந்தாலும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் கூட்டி வரக் கூடாது.

தாய்மாமனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. முறை என்பது சொந்தபந்தத்தில் பேசிக்கொள்வது, சட்டத்தில் அதற்கு இடமில்லை. வயது வந்த பெண் எங்கே இருக்க வேண்டும், யாரோடு இருக்க வேண்டும் என்பதை அவளேதான் தீர்மானிக்க வேண்டும். பெற்ற தகப்பனோ நீதிமன்றமோ அதைத் தீர்மானிக்க முடியாது. கேரளத்திலிருந்து போன வழக்குகளிலேயே உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவேளை தாய்மாமன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டாலும் நீதிபதி அந்தப் பெண்ணைத்தான் கேட்பார். இதே நியாயம் இரண்டாவது பெண்ணின் அப்பா குடித்துவிட்டு வந்து நின்றாலும் பொருந்தும்.

முன்னெச்சரிக்கையாக, இரண்டு பெண்களும் தாங்களாகவே கையெழுத்துப் போட்டு, “எங்கள் விருப்பத்தில் இந்த முகவரியில் தங்குகிறோம்” என்று உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும். கட்டாயம் இல்லை, ஆனால் தெருவில் பேசுகிறவர் வாய் அடங்கும். தாய்மாமன் மிரட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அந்தப் பெண்ணே கூப்பிடலாம்.

நீங்கள் உரிமம் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு பேரை வீட்டுப் பிள்ளைகளாக வைத்துக்கொள்வது விடுதி நடத்துவது ஆகாது. ஆனால் கடிதத்தின் கடைசியில், “நன்றாக அமைந்தால் இன்னும் நாலைந்து பிள்ளைகளைக் கட்டணம் வாங்கி” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது வேறு கதை. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் 2014-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் அப்போது உங்களைப் பிடிக்கும். மாவட்ட ஆட்சியரிடம் உரிமம், காவலாளி, கட்டட வசதிகள் என்று பட்டியல் நீளும். அந்த நினைப்பை இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

பணமும் காகிதமும்: எல்லை தாண்டும் முன்

அவசரப்பட வேண்டியது இங்கேதான். இல்லத்தை விட்டு வருகிற பெண்ணுக்கு ஆஃப்டர் கேர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு. 18 முதல் 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை, உதவி கிடைக்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். இது தானாக வராது, கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் இடுக்கியின் குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும். இல்லத்தை விட்டு வருவதற்கு முன்பே மனு கொடுப்பது நல்லது. “பெண் தேனி மாவட்டத்தில் தங்கப் போகிறாள், அங்குள்ள அலகுக்குத் தகவல் அனுப்புங்கள்” என்பதையும் அதே மனுவில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பெண்ணும் ஹோமில் இருந்தவள்தான், 21 ஆகவில்லை. அவளும் கேட்கலாம்.

பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கு வரட்டும். உங்களுக்கு வராது, வரவும் கூடாது.

இல்லத்தை விட்டு வரும்போது கையில் இருக்க வேண்டியவை: நலக் குழுவின் விடுவிப்பு உத்தரவு, சேர்த்தபோது போட்ட உத்தரவின் நகல், பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் டிசியும் மார்க் ஷீட்டும், ஆதார், பாஸ்புக், அம்மாவின் இறப்புச் சான்றிதழ். பின்னாளில் தனக்குப் பெற்றோர் இல்லை என்று அவள் நிரூபிக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் முதல் இரண்டு காகிதங்கள்தான் பேசும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். வராது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால்தான் அது. இவள் படித்தது மலைக்கு அந்தப் பக்கம்.

சாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் சிக்கல். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழைக் கொண்டுபோய் இன்னொரு மாநிலத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. பட்டியல் முதலில் அறிவிக்கப்பட்ட 1950-ல் குடும்பம் எங்கே நிலையாக இருந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். பீர்மேடு, தேவிகுளம் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்களில் பலர், தாத்தா பிறகுதான் மலையேறினார் என்ற காரணத்தால் கேரளத்தில் சான்றிதழ் கிடைக்காமல் தவிப்பது பழைய கதை. அதே காரணம் உங்கள் பெண்ணுக்கு இந்தப் பக்கத்தில் உதவக்கூடும். அவளுடைய தகப்பன் வழித் தாத்தா உத்தமபாளையம் பக்கத்துக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பழைய பட்டா, பள்ளிப் பதிவு, வாக்காளர் பட்டியல் எது கிடைத்தாலும் தேடி எடுத்து வையுங்கள். தாசில்தாரிடம் அந்த அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். தாய்மாமனிடம் இருந்துகூடச் சில காகிதம் கிடைக்கலாம். அதனால் அவரோடு சண்டையை முற்றவிட வேண்டாம்.

ஆதார் முகவரியை மாற்ற அவசரப்படாதீர்கள். இடுக்கியில் ஆஃப்டர் கேர் உத்தரவு வந்த பிறகு மாற்றலாம். உங்கள் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் யோசனையும் வேண்டாம். அவர்கள் உங்கள் குடும்பத்தார் என்று பொய் எழுத வேண்டி வரும்.

பாண்டு பேப்பர்

25 வயது வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. வயது வந்தவரின் திருமணத்தைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. சொத்து கேட்க மாட்டேன் என்பதும் வீண். இல்லாத உரிமையை எதற்கு எழுதி வாங்க வேண்டும்? போதாததற்கு, வீட்டுக்குள் காலை வைக்கும்போதே ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் அந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கும்?

அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத்தாளில் மூவரும் உட்கார்ந்து எழுதுங்கள். மாடியில் தங்க அனுமதி, ஒரு வருடம், பிறகு பேசிப் புதுப்பிப்பது; வாடகை இல்லை; சாப்பாட்டுச் செலவுக்கு வேலையில் இருக்கிறவள் மாதம் இவ்வளவு; யார் விலகுவதாக இருந்தாலும் இரண்டு மாத அவகாசம். அந்த அவகாசம் முக்கியம். ஒரு சண்டையில் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே போகச் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதி இந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை எங்கேயும் கிடைத்திருக்காது. வாடகை என்ற சொல்லை மட்டும் தாளில் கொண்டு வராதீர்கள். வாங்கினால் அது வாடகைதாரர் உறவாகிவிடும்; நகர்ப்பகுதியாக இருந்தால் 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

இனி, கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மூன்று வரிகள். எனக்கு உறுத்தியது அவைதான்.

“ஏடிஎம் கார்டை நான் வைத்துக்கொண்டு சேமித்துக் கொடுக்கிறேன்.” வேண்டாம் அம்மா. நல்ல எண்ணம்தான், ஆனால் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஹோமில் யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. எல்லாவற்றையும் வார்டனே வைத்திருந்தார். முதல் மாதம் முழுக்கச் செலவழித்துவிட்டுக் கை பிசைந்து நிற்கட்டும். மூன்றாவது மாதம் தானாக எடுத்து வைப்பார்கள். சீட்டுக் கட்டக் கற்றுக் கொடுங்கள், கார்டை வாங்காதீர்கள். போனை எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

“வீட்டு வேலைக்கும் ஒத்தாசையாக இருக்கும்.” மூவரும் பங்கு போட்டுச் செய்யும் வேலை வேறு. தங்க இடம் கொடுத்ததற்காக மாட்டுத் தொழுவத்தையும் துணியையும் அவர்கள் தலையில் கட்டுவது வேறு. ஆள் வேண்டுமென்றால் சம்பளம் கொடுத்து வையுங்கள். பட்டியல் போட்டு, உங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள்.

“என் மகன் வந்தால் கீழே இருந்துகொள்வான், தங்கமான பிள்ளை.” இருக்கட்டும். ஆனாலும் 29 வயது ஆண் இரண்டு மாதம் இருக்கப்போகும் வீட்டில், மாடிக்குத் தனிப் படிக்கட்டு, உள்ளே தாழ்ப்பாள், குளியலறைக் கதவில் சரியான கொண்டி, ஒரு செட் சாவி பெண்களின் கையில் என்பவை இருந்தே ஆக வேண்டும். இது உங்கள் மகனைச் சந்தேகப்பட்டுச் சொல்வது இல்லை. அவருக்கும் இதுதான் பாதுகாப்பு. லீவில் வரும் முன்பு பெண்களிடம் சொல்லுங்கள். ஏதாவது சங்கடம் என்றால் யாரிடம் சொல்வது என்பதற்கு உங்களைத் தவிர இன்னொரு பெண்ணின் எண்ணும் அவர்களிடம் இருக்கட்டும், தேனி அலகின் சமூகப் பணியாளர் ஒருவருடையது என்றால் நல்லது.

இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, யார் வந்து போகலாம் என்பதெல்லாம் எழுத வேண்டியது இல்லை. பேசுங்கள். கடையில் வேலை பார்க்கிறவளுக்குக் குமுளியிலிருந்து கடைசி பஸ் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வாள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

தாங்க முடியாத கட்டமும் வரலாம். ஒருத்தி சொல்லாமல் இரண்டு நாள் போய்விடலாம், காரணமில்லாமல் கத்தலாம், பொய் சொல்லலாம். ஒன்பது வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள், நீங்களும் எப்போது கைவிடுவீர்கள் என்று பரீட்சை வைத்துப் பார்ப்பாள். அந்த நேரத்தில், “இவ்வளவு செய்தேனே” என்ற வாக்கியம் உங்கள் வாயில் வரும். அதை என்னிடம் சொல்லுங்கள், அக்கா தங்கையிடம் சொல்லுங்கள், அவர்களிடம் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, அந்தப் பெண் இல்லத்தை விட்டு இறங்குவதற்குள் இடுக்கியில் ஆஃப்டர் கேர் மனுவைக் கொடுக்க வைப்பது. இல்லத்தின் கண்காணிப்பாளரிடம் பேசி நாள் கேளுங்கள். மனுவில் கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும், நீங்கள் துணைக்குப் போனால் போதும். மகனின் சம்மதக் கடிதமும் இரண்டு வாரிசுச் சான்றிதழும் கைக்கு வந்ததும் நகல் அனுப்புங்கள். கொழுந்தனாரின் பங்குக்கு என்ன பத்திரம் போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.